கீழே தொங்கும் ரோஸ்மேரி: புது ரகம் ஒன்றை வீட்டிலேயே உருவாக்குவது எப்படி

தொங்கும் ரோஸ்மேரிதான் ஏற்கெனவே கடையில் கிடைக்கிறதே, நீ எதற்கு மெனக்கெடுகிறாய் என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. கிடைக்கிறது, மறுக்கவில்லை. கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆளுயரக் கல் கட்டு ஒன்று இருக்கிறது; அதன் மேல் வைக்க நானும் ஒரு செடி வாங்கினேன், இரண்டே வருடத்தில் சுவரை மூடிக்கொண்டு அழகாகத்தான் விழுந்தது, ஆனால் இலையைக் கசக்கினால் கற்பூர டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு நெடி. உருளைக்கிழங்கு வறுவலில் போட்டுப் பார்த்தோம், வீட்டில் யாரும் தொடவில்லை. சமையலுக்கு வாசனையாக இருக்கிற செடியோ விளக்குமாற்றைத் தலைகீழாக நிறுத்தியது போல நெட்டுக்குத்தாக நிற்கிறது. இதன் வாசனையும் அதன் உடம்பும் ஒரே செடியில் வேண்டும் என்பதுதான் என் ஆசை, ஆறு வருடமாக அதற்குத்தான் இந்தப் பாடு.

நீங்களும் இதில் இறங்குவதாக இருந்தால் முதல் வேலை, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி எங்காவது ஒட்டி வைப்பது. கேலியாகத் தோன்றும், ஆனால் நாற்றுகள் வளர்ந்து நிற்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் அழகாக இருக்கும், எதையும் தூக்கிப் போட மனசு வராது, அப்போது அந்தத் தாள்தான் காப்பாற்றும். என் தாளில் மூன்றே வரி: சுவரில் ஒரு மீட்டராவது கீழே இறங்க வேண்டும், சமையலுக்கு ஆக வேண்டும், ஐப்பசி மழையில் வேர் அழுகிச் சாகக் கூடாது. பூ என்ன நிறம் என்பதை வேண்டுமென்றே எழுதவில்லை. ஆசைகளைக் கூட்டக் கூட்ட, எல்லாம் சேர்ந்து அமைந்த ஒரு செடி கிடைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

தொங்குவது என்று நாம் சொல்வதில் குறைந்தது மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. தரையோடு படுத்து வளர்ந்து விளிம்பு வந்ததும் கீழே விழுவது ஒன்று. முதலில் மேலே எழும்பி, அப்புறம் வில் போல வளைந்து இறங்குவது இன்னொன்று. இங்கிலாந்தின் சாமர்செட்டில் நார்மன் ஹேடன் உருவாக்கிய செவர்ன் சீ ரகம் இந்த ஜாதி. மூன்றாவது போலி: நிழலில் வைத்து, யூரியாவை அள்ளிப் போட்டு வளர்த்த செடி தண்டில் வலுவில்லாமல் சாய்ந்து கிடக்கும், வெயிலுக்கு மாற்றினால் அடுத்த கொழுந்து நேராக நிமிர்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. தொட்டியை அப்படியே பக்கவாட்டில் படுக்க வைத்து ஒரு வாரம் விடுங்கள். நேராக வளரும் செடியின் கொழுந்துகள் இரண்டு மூன்று நாளிலேயே வானத்தைப் பார்த்து வளைந்துவிடும், செடிக்குப் புவியீர்ப்பை உணரும் சக்தி உண்டு. உண்மையிலேயே தொங்குகிற செடி அந்த அவசரத்தைக் காட்டாது. லேசாக முறுக்கிக்கொள்ளும், நுனி கொஞ்சம் தூக்கும், மற்றபடி விட்ட இடத்திலேயே போகும். பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும்போதும் சரி, பிறகு பிள்ளைகளைச் சோதிக்கும்போதும் சரி, நான் நம்புவது இந்த ஒன்றைத்தான்.

பெற்றோர் விஷயத்துக்கு வருவோம். ரோஸ்மேரி மத்தியதரைக் கடலோரத்துச் செடி. 2017 வரை அதற்கென்று ரோஸ்மரினஸ் என்ற தனிப் பேரினம் இருந்தது, இப்போது சால்வியாவோடு சேர்த்துவிட்டார்கள். நீலகிரியில் எண்ணெய்க்காகவும் உலர்ந்த இலைக்காகவும் இதைப் பயிர் செய்கிறார்கள், அதனால் வாசனையுள்ள நேர்ச்செடி தேடி நான் அலையவில்லை. தொங்கும் பக்கத்துக்கு, நர்சரிகளில் பெயரில்லாமல் விற்கிற படரும் வகை போதும். ஆனால் ஒரே கடையில் மூன்று வாங்காதீர்கள், மூன்றும் ஒரே தாயின் குச்சிகளாக இருக்கும். ஊர் மாற்றி, கடை மாற்றி வாங்குங்கள். வாங்கும்போதே ஒரு இலையைக் கசக்கி மோந்து பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். இலையில் உள்ள எண்ணெயில் சினியோல், கற்பூரம், பைனீன், வெர்பினோன் என்று பல சங்கதிகள் உண்டு, அவற்றின் விகிதம் செடிக்குச் செடி மாறும். கற்பூரம் தூக்கலாக இருக்கும் செடியைத் தந்தையாக்கினால் பிள்ளைகளில் பாதிக்கு அந்த நெடி வந்து சேரும் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

எதைத் தாயாக வைப்பது? வாசனையுள்ள நேர்ச்செடியைத் தாயாகவும் தொங்குவதைத் தந்தையாகவும் வையுங்கள். காரணம் கணக்குப் பிள்ளைத்தனமானது. நம் கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சில பூக்களில் தாயின் மகரந்தமே விழுந்து விதை பிடித்துவிடும். தாயே தொங்கும் செடியாக இருந்தால், தொங்கும் பிள்ளை கலப்பில் வந்ததா, தாய் தனக்குத்தானே பெற்றதா என்று தெரியாது. தாய் நேராக இருந்து பிள்ளை படுத்தால் தந்தையின் ரத்தம் உள்ளே வந்திருக்கிறது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். இலை அகலம், பூ நிறம் இவற்றிலும் தாய்க்கும் தந்தைக்கும் வித்தியாசம் இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது பூ. எங்கள் பக்கம் மார்கழியில் இருந்து பங்குனி வரை பூக்கும். சமவெளி வெக்கையில் ரோஸ்மேரி உயிரோடு இருந்தாலே பெரிது, பூப்பதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம். சமவெளிக்காரர்களுக்கு வேறு வழி ஒன்று பின்னால் சொல்கிறேன். இரண்டு செடியும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும், அதற்கு முந்திப் பூக்கும் செடியின் முதல் மொட்டுகளைக் கிள்ளிவிட்டாலே கொஞ்சம் தள்ளிப் போகும்.

பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள், பூதக்கண்ணாடி இருந்தால் வசதி. துளசி, புதினா குடும்பத்துக்கே உரிய இரண்டு உதடு வைத்த குட்டிப் பூ. அந்தக் குடும்பத்தில் பெரும்பாலான பூக்களுக்கு நான்கு மகரந்தத் தாள்கள் இருக்கும், இதற்கு இரண்டுதான், அதனால் நமக்கு வேலை பாதி. அந்த இரண்டும் இதழ்க்குழலோடு ஒட்டியே இருக்கும். எனவே நாளைக்கு விரியப் போகிற மொட்டை இன்றைக்கே பிடித்து, நுனி கூர்மையான இடுக்கியால் இதழை மெதுவாக முன்னால் இழுத்தால் இதழும் மகரந்தத் தாளும் சேர்ந்து கையோடு வந்துவிடும், புல்லிவட்டத்துக்குள் சூல்தண்டு மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் பத்துப் பதினைந்து பூவில் சூல்தண்டையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவீர்கள். பரவாயில்லை, ஒரு கிளையில் பூவுக்கா பஞ்சம். கிளையில் மற்ற பூக்களையும் சின்ன மொட்டுகளையும் அப்புறப்படுத்திவிட்டு, கல்யாண வீட்டில் பாக்கும் சாக்லேட்டும் போட்டுத் தருவார்களே அந்த வலைப்பை, அதை மாட்டிக் கட்டிவிடுங்கள்.

உடனே மகரந்தம் தடவினால் பயன் இருக்காது. இந்தப் பூ முதலில் ஆணாக இருந்து பிறகு பெண்ணாகும் ஜாதி, மகரந்தம் கொட்டி முடித்த பிறகுதான் சூல்முடி ஏற்கத் தயாராகும். சூல்தண்டின் நுனி பாம்பு நாக்கு போல இரண்டாகப் பிளந்து விரிவதைக் கவனியுங்கள், அதுதான் அறிகுறி. ஒரு நாளும் ஆகும், இரண்டு மூன்றும் ஆகும். அன்று பனி காய்ந்த பிறகு, தந்தைச் செடியில் அப்போதுதான் விரிந்த பூ ஒன்றைப் பறித்து, அதன் மகரந்தப்பையை நேரே சூல்முடியில் தொட்டு எடுங்கள். தூரிகை எல்லாம் வேண்டாம், தூரிகையில் பழைய மகரந்தம் ஒட்டியிருந்து காரியத்தைக் கெடுக்கும். மறுநாளும் ஒரு தடவை தொட்டுவிடுங்கள். தேதி, தாய், தந்தை எழுதிய அட்டையை அந்தக் கிளையிலேயே கட்டுங்கள், பேனாவால் அல்ல, பென்சிலால். பேனா எழுத்து இரண்டு மழைக்குத் தாங்காது, என் முதல் வருடத்து அட்டைகள் எல்லாம் வெறும் வெள்ளைத் தாளாகத்தான் கடைசியில் மிஞ்சின.

சில செடிகளில் மகரந்தப்பை சூம்பிப் போய், பூவும் சிறுத்து இருக்கும். அதை நோய் என்று நினைத்துக் கழித்துவிடாதீர்கள். ஆண்தன்மை இல்லாத செடிகள் ரோஸ்மேரியில் இயற்கையாகவே உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் அதைத் தாயாக வைத்துக்கொள்ளுங்கள், இடுக்கி வேலையே மிச்சம்.

இந்த நுணுக்கம் எல்லாம் பொறுமைக்கு ஒத்து வராது என்றால் தேனீயிடம் விட்டுவிடலாம். இரண்டு தொட்டியையும் கிளைகள் உரசும்படி வைத்து, வேறு ரோஸ்மேரி அருகில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். எது எதோடு சேர்ந்தது என்ற பதிவு இருக்காது, ஆனால் நாம் ஒரு காலையில் முப்பது பூ தொடுவதற்குள் தேனீ முந்நூறு தொட்டுவிடும். சொல்லப்போனால் பெயர் வாங்கிய ரகங்கள் பலவும் இப்படித் தானாக முளைத்தவைதான். கலிபோர்னியாவில் இன்றும் பரவலாக நடுகிற லாக்வுட் டி ஃபாரஸ்ட் என்ற படரும் ரகம் சான்டா பார்பராவில் ஒரு தோட்டத்தில் கிடைத்த நாற்று. அங்கே அதைப் பார்த்த கண்தான் வேலை செய்தது. நானும் இப்போது கையால் செய்வது கொஞ்சம், தேனீக்கு விடுவது நிறைய.

விதை பிடித்தால் புல்லிவட்டத்தின் அடியில் அதிகபட்சம் நான்கு மணிகள் இருக்கும், முற்றினால் பழுப்பு நிறத்தில் கடுகைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். முற்றியதும் தானே உதிர்ந்துவிடும் என்பதால் வலைப்பையைக் கழற்றவே கழற்றாதீர்கள். விதைப்பது எளிது, காத்திருப்பதுதான் கொடுமை. குழித்தட்டில் தேங்காய் நார்க்கழிவும் மணலும் சரிபாதி போட்டு, விதையை மேலாகத் தூவி, மூடியும் மூடாததுமாக மெல்லிய மணல் போட்டு, பூவாளியால் ஊற்றாமல் தெளிப்பானால் ஈரம் காட்டுங்கள். 15 முதல் 20 டிகிரி இதற்குத் தோதான வெப்பம். இரண்டு வாரத்தில் ஒன்றிரண்டு வரும், பாக்கி ஒரு மாதம் கழித்தும் வரும், பாதிக்கு மேல் வராமலும் போகும். ரோஸ்மேரி விதையின் குணமே அது, அதனால்தான் நர்சரிக்காரர்கள் விதையைத் தொடாமல் குச்சியை நடுகிறார்கள். முளைக்கவில்லை என்று பத்தாம் நாள் தட்டைக் கொட்டிவிடாதீர்கள்.

நாற்று வந்ததும் எல்லாரும் செய்யும் தவறு, உடனே எது தொங்குகிறது என்று தேடுவது. எல்லா நாற்றும் முதலில் நேராகத்தான் போகும். படுப்பதா நிற்பதா என்பது பக்கக் கிளைகள் வந்த பிறகுதான் தெரியும். ஆகவே ஐந்தாறு ஜோடி இலை வந்ததும் எல்லா நாற்றின் நுனியையும் ஒரே நாளில் கிள்ளிவிட்டு, நல்ல வெயிலில், ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாத இடைவெளியில், உரம் ஏதும் போடாமல் வையுங்கள். நெருக்கி வைத்தால் முன்பு சொன்ன போலிகள்தான் தேறும்.

வேண்டாத நாற்றுகளைக் கழிக்கும் முதல் சுற்று ஆறு மாதத்தில், அதுவும் மூக்கால் மட்டும். செடியின் வடிவத்தைப் பார்க்கவே கூடாது. ஒரே நாள் ஒரே நேரத்தில் எல்லாச் செடியிலும் ஒவ்வொரு இலை கசக்கி, பிடிக்காததை அங்கேயே பிடுங்கிவிடுங்கள். எண்ணெயின் வீரியம் வெயில், மழை, பருவத்தைப் பொறுத்து ஏறி இறங்கும், அதனால் ஒன்றை இன்றைக்கும் இன்னொன்றை அடுத்த வாரமும் மோந்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பத்துச் செடிக்கு ஒருமுறை மூக்கு மரத்துப் போகும், கொஞ்சம் வெளியே போய் நின்றுவிட்டு வாருங்கள். வாசனையை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அழகாகத் தொங்கும் செடி ஒன்றைக் கண் பார்த்துவிட்டால் மூக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும், பரவாயில்லை சுமாராக இருக்கிறது என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். எனக்கு அப்படி ஒரு வருடம் வீணானது. கடையில் விற்கும் தொங்கும் செடிகள் பலவற்றின் வாசனை சுமாராக இருப்பதற்கும் இதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தப்பியவற்றை உருளைக்கிழங்கில் சோதியுங்கள். உருளைக்கிழங்கும் உப்பும் நெய்யும் தவிர வேறு எதுவும் சேர்க்காமல், எந்தச் செடி என்று சொல்லாமல் வீட்டில் பரிமாறுங்கள். எங்கள் அத்தை ஒருவர் ரோஸ்மேரி என்றால் என்னவென்றே தெரியாதவர், ஆனால் எந்தத் தட்டை அவர் காலி செய்கிறாரோ அதன் எண்ணை நான் குறித்துக்கொள்வேன்.

வடிவம் பார்த்துக் கழிப்பது ஒரு வருடம் முடிந்த பிறகு. தொட்டியைப் படுக்க வைக்கும் சோதனையை எல்லாவற்றுக்கும் செய்யுங்கள். முதல் தலைமுறையில் நேராக நிற்பது, சாய்ந்து நிற்பது, வளைவது என்று எல்லாம் கலந்து வரும். ஒன்று கூடச் சுத்தமாகத் தொங்காமலும் போகலாம். அப்படியானால் சோர்ந்துவிடாமல், வாசனையில் தேறிய இரண்டு உடன்பிறப்புகளை ஒன்றோடொன்று சேருங்கள், அல்லது தேறிய ஒன்றைத் திரும்பவும் தொங்கும் செடியோடு சேருங்கள். மறைந்து கிடந்த குணம் அடுத்த தலைமுறையில் வெளியே வரும். ஒரே செடியை அதனோடேயே சேர்க்கலாம்தான், ஆனால் விதை குறைவாகப் பிடிக்கும், வந்த நாற்றும் நோஞ்சானாக இருக்கும். விதையில் இருந்து அடுத்த பூவுக்கு எப்படியும் ஒன்றரை, இரண்டு வருடம் ஆகிவிடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமவெளிக்காரர்களுக்கு ஒரு வழி என்றேனே, அது கிளை மாற்றம். நன்றாக நிற்கும் செடியில் திடீரென்று ஒரே ஒரு கிளை மட்டும் வேறு விதமாக வளரும். அந்தக் கிளையின் செல்களில் மட்டும் நடந்த மரபு மாற்றம் அது. இலையில் வெள்ளை ஓரம் போட்ட கற்பூரவல்லியைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி இலைகள் பெரும்பாலும் இப்படி வந்த மாற்றத்தைக் குச்சி நட்டுக் காப்பாற்றி வைத்ததுதான். நீண்ட வரிசையில் செடி வைத்திருக்கும் தோட்டங்களுக்குப் போகும்போது கண்ணைத் திறந்து வைத்திருங்கள். தொங்கும் கிளை கிடைத்தால் அதன் நுனியை வெட்டி வேர்விட வையுங்கள். ஆனால் உடனே கொண்டாட வேண்டாம். காபித் தோட்டத்துக்காரர்களுக்குத் தெரியும், காபியின் பக்கக் கிளையை வெட்டி நட்டால் அது நிமிரவே நிமிராது, படுத்தேதான் வளரும், அதற்காக அது புது ரகம் ஆகிவிடாது. கிளை இருந்த இடத்தின் ஞாபகம் குச்சியிலும் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருக்கும். குச்சியில் இருந்து குச்சி, அதில் இருந்து மறுபடி குச்சி என்று மூன்று சுற்று போன பிறகும் தொங்கினால்தான் நம்பலாம்.

கால்ச்சிசின் தடவி மரபணுக்களைப் பெருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நம் செங்காந்தள் விதையில் இருந்து எடுக்கிற கடும் விஷம் அது, சமையலறையும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். அதில் வருவது பெரும்பாலும் தடித்த இலையும் தடித்த தண்டும், தொங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தேறிய செடி ஒன்று கையில் வந்ததும் முதல் காரியம் அதைப் பெருக்குவது. பூக்காத கிளையில், பச்சையும் இல்லாமல் முற்றியும் போகாத பகுதியில் 8 முதல் 10 சென்டிமீட்டர் வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, மணலும் நார்க்கழிவும் கலந்ததில் நட்டு நிழலில் வைத்தால் மூன்றில் இருந்து ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். தொங்கும் செடியில் இன்னும் சுலபம், கிளையை மண்ணில் அமுக்கி மேலே ஒரு கல் வைத்தாலே பதியம் தயார். குறைந்தது இருபது செடி ஆக்குங்கள், வெவ்வேறு ஊர்களில் உள்ள நண்பர்களிடம் கொடுங்கள், சுவரில் ஒருவர், தொங்கும் கூடையில் ஒருவர், செம்மண்ணில் ஒருவர். என் செடிகள் கோயம்புத்தூரில் ஒரு மாடியிலும் பெங்களூரில் ஒரு பால்கனியிலும் இருக்கின்றன. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா, பக்கத்தில் வைத்த பழைய ரகத்தில் இருந்து பார்த்த உடனே வேறுபட்டுத் தெரிகிறதா என்று இரண்டு வருடமாவது கவனியுங்கள்.

நண்பர்களிடம் கொடுக்கும்போது விற்காதீர்கள். 2001ஆம் ஆண்டின் தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தில் பதிவு செய்ய நினைத்தால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஓர் ஆண்டுக்கு மேலாக இந்தியாவில் விற்பனையில் இருந்த செடியைப் புதிது என்று ஏற்க மாட்டார்கள். புதுமை, தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை இந்த நான்கையும் பார்ப்பார்கள், அறிவிக்கப்பட்ட பயிர்ப் பட்டியலில் செடி இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் பதிவு செய்த ரகத்தைப் பெற்றோராக வைத்துக் கலப்பு செய்ய இந்தச் சட்டம் தடை சொல்லவில்லை. பெயர் வைப்பதற்கும் விதி உண்டு: 1959இல் இருந்து புது ரகங்களுக்கு லத்தீன் பெயர் சூட்டக் கூடாது. ஒற்றை மேற்கோளுக்குள் எந்த மொழிப் பெயரையும் வைக்கலாம். நமக்குத் தமிழில் பெயருக்கா பஞ்சம்.

ஒன்று விட்டுப் போச்சு. தேறும் என்று தோன்றிய அன்றைக்கே, பெயர் யோசிப்பதற்கு முன்னால், இரண்டு குச்சி வெட்டி வேறு வீட்டில் வைத்துவிடுங்கள். எனக்கு மூன்றாம் வருடத்தில் வந்த 47ஆம் எண் நாற்று வாசனையிலும் தேறி, தொட்டியைப் படுக்க வைத்தால் அசையாமல் கிடந்தது. இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று குச்சி எடுக்காமல் விட்டேன், ஐப்பசியில் ஒன்பது நாள் விடாத மழை, பத்தாம் நாள் தண்டைத் தொட்டால் கையோடு வந்தது. இப்போது சுவரில் இறங்கிக்கொண்டிருப்பது அதன் தங்கை, 52. முக்கால் மீட்டர் வந்திருக்கிறது. வாசனை 47 அளவுக்கு இல்லை, அதனால் வருகிற மார்கழியில் அதைத் தாய்ச்செடியோடு திரும்பவும் சேர்க்கப் போகிறேன்.